காது தேய்ந்த கரடி

எங்கள் வீட்டில் ஒரு குழந்தைக்கு ஈறு தடித்தால் டாக்டரைத் தேட மாட்டோம், நாய்க்குட்டியைத் தேடுவோம்.

அது ஓர் உலோகப் பொம்மை, நடுவிரல் நீளம்தான் இருக்கும். ஆனால் கையில் எடுத்தால் இத்தனூண்டுக்குள் இவ்வளவு கனமா என்று தோன்றும். உருண்டையான உடம்பு, குட்டையான கால்கள், மழுங்கிப்போன முகம், வயிற்றில் ஒரு சின்னத் துளை. முதுகில் மட்டும் கொஞ்சம் பழுப்புச் சாயம் ஒட்டியிருந்தது. மற்ற இடமெல்லாம் மழை மேகத்தின் நிறம். அம்மாவின் தாத்தா கப்பலில் மூட்டை இறக்கியவர். உடைந்துபோன ஒரு பெட்டியின் வைக்கோலுக்குள் அதைக் கண்டெடுத்தாராம். அவர் பிள்ளைகள் அதைக் கடித்தார்கள். அந்தப் பிள்ளைகளின் பிள்ளைகள் கடித்தார்கள். அவர்களில் அம்மா ஒருத்தி. அப்புறம் அண்ணன் கடித்தான், நான் கடித்தேன். வாயில் வைத்ததும் சில்லென்று இருக்கும், கொஞ்ச நேரம் கழித்து லேசாகத் தித்திக்கும். அதில் வெள்ளி கலந்திருக்கிறது, அதனால்தான் அந்தக் குளிர்ச்சி என்பது அம்மாவின் தீர்ப்பு.

இப்போது அது அண்ணனின் இரண்டாவது மகளிடம் இருந்தது. எட்டு மாதம். நாங்கள் அவளைப் பாப்பா என்றோம். மூத்தவளைப் பெரியவள் என்றோம். பெரியவளுக்கு ஐந்து வயது, பதினொரு சொற்கள் தெரியும். "நம்ம வீட்டுப் பிள்ளைங்க அப்படித்தான், நிதானமா வரும்" என்பாள் அம்மா. அண்ணன் நான்கு வயதில் பேசினான். எனக்கு இன்றைக்கும் பெருக்கல் வராது. அம்மாவின் தம்பி முப்பது வயது வரை சன்னலோரம் உட்கார்ந்திருந்துவிட்டுச் செத்துப்போனார். எங்கள் மாடிக்கட்டடத்தில் எங்களுக்கு ஆமை வீடு என்று பெயர். அண்ணன் அதைச் சொல்லித் தானே சிரிப்பான். "ஆமைதான்டா ஜெயிச்சது, மறந்துட்டீங்களா?"

நான் ஓர் ஏலக் கம்பெனியின் கிடங்கில் பொருள்களைப் பொதிந்து கட்டும் வேலை பார்க்கிறேன். பீங்கான் என்றால் முதலில் மெல்லிய தாள், பிறகு பஞ்சு, அப்புறம் குமிழ் உறை. கடிகாரம் என்றால் முதலில் ஊசலைக் கழற்ற வேண்டும். கிடங்குக்கு மேலே ஒரு கண்ணாடி அறையில் பொருள்களை மதிப்பிடுகிறவர் இருப்பார். கழுத்தில் எப்போதும் பூதக்கண்ணாடி தொங்கும். அதனால் அவர் லென்ஸ் சார். சாப்பிடும்போதும் அதைக் கழற்ற மாட்டார். குழம்பில் தோய்ந்த லென்ஸை சட்டையில் துடைத்துக்கொண்டு மறுபடி பொருளைப் பார்ப்பார்.

ஒருநாள் நான் போனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தபோது அவர் படியிறங்கி வந்தார்.

"என்ன, யாரு? மாப்பிள்ளையா?"

"எங்க பாப்பா சார்."

காட்டினேன். பாப்பா பாயில் மல்லாந்து படுத்திருந்தாள், கையில் நாய்க்குட்டி. அவர் இரண்டு விரலைத் திரையில் வைத்துப் படத்தைப் பெரிதாக்கினார். பாப்பாவின் முகம் நகர்ந்து ஓரத்தில் மறைந்துபோனது. அவள் முஷ்டியும் அந்தச் சாம்பல் உடம்பும் மட்டும் மிஞ்சின.

"நாளைக்கு இதை எடுத்துட்டு வாம்மா" என்றார். குரல் கிசுகிசுப்பாக இருந்தது.

அம்மா கொடுக்க மனமில்லாமல்தான் கொடுத்தாள். "சாயங்காலம் பாப்பாவுக்கு வேணும். உங்க கிடங்குல தொலைச்சிட்டு வந்தே, உன்னையே கடிக்கக் குடுத்துடுவேன்."

லென்ஸ் சார் மேசையில் வெள்ளைத் தாள் விரித்து, மெல்லிய உறை மாட்டிய கைகளால் அதை வாங்கினார். எடை பார்த்தார். விளக்கைச் சாய்த்துப் பாதங்களுக்கு அடியில் பார்த்தார். அங்கே ஏதோ ஒரு முத்திரை இருந்தது போலிருக்கிறது. நாங்கள் எல்லாரும் அதைப் பல்லால் பார்த்திருப்போமே தவிர, கண்ணால் பார்த்ததில்லை.

"இது நாய் இல்லம்மா. கரடி."

ஒரு பழைய விலைப்பட்டியலின் நகலைத் திருப்பி என் பக்கம் வைத்தார். ஒரு சர்க்கஸ் கூட்டம் வரைந்திருந்தது. கூடாரம், கயிற்றில் நடப்பவள், இரண்டு குதிரைகள், கடைசியில் மேளம் அடிக்கும் ஒரு கரடி. கரடிக்கு முதுகை மறைக்காத சிவப்புச் சட்டை, நீண்ட மூக்கு, வட்டமான இரண்டு காதுகள், வயிற்றில் மஞ்சள் மேளம். எங்கள் நாய்க்குட்டியின் துளை அந்த மேளம் பொருத்தும் இடம். ஒரு சின்னப் பட்டறையில் இரண்டே வருடம் செய்தார்களாம், அப்புறம் பட்டறை எரிந்துபோனதாம். குதிரைகள் கிடைத்திருக்கின்றன, கூடாரம் ஒன்று கிடைத்திருக்கிறது. கரடியை இதுவரை படத்தில்தான் பார்த்திருக்கிறார்கள்.

ஒரு கப்பலின் அடிவயிற்றில், வைக்கோலின் இருட்டில், சிவப்புச் சட்டை போட்ட ஒரு கரடி கடல் கடந்து எங்களைத் தேடி வந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். அந்த நினைப்போடு என்னை அங்கேயே விட்டிருக்கலாம்.

"ஆனா காது எங்க போச்சு?" என்றார் அவர், தனக்குத்தானே. "உடைஞ்சா ஒரு விளிம்பு தெரியும். இது தேஞ்சிருக்கு. கைபட்டுத் தேஞ்சா முதல்ல முதுகுதான் தேயணும். முதுகுல சாயம் அப்படியே இருக்கு. மூக்கு, காது, முன்னங்கால்..." நிறுத்தினார். லென்ஸைக் கண்ணிலிருந்து எடுத்தார். "இதை வாயில வைப்பீங்களா?"

"பல் முளைக்கறப்போ சார்."

"யாரு?"

"எல்லாரும். நாலு தலைமுறையா."

அவர் கரடியின் காலைத் தாளின் மேல் வைத்து ஓர் இழுப்பு இழுத்தார். பென்சிலால் போட்டது போல ஒரு சாம்பல் கோடு விழுந்தது.

"ஈயம்மா. உடம்பு முழுக்க ஈயம். மேல பூசியிருந்த சாயத்துலயும் ஈயம்தான். அதுதான் இன்னும் மோசம். தித்திக்கும், இல்லையா?"

தலையாட்டினேன்.

"அந்தத் தித்திப்புதான் விஷம். இதை இங்கேயே வச்சிட்டுப் போ. இன்னைக்கே குழந்தையை டாக்டர்கிட்ட காட்டு."

நான் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். சிவப்புச் சட்டை, மஞ்சள் மேளம், வட்டக் காதுகள். எங்கள் கரடியில் சிவப்பு ஒரு புள்ளிகூட இல்லை. அவ்வளவு சிவப்பும் எங்கேயோ போயிருக்க வேண்டும். போவதற்கு எங்களை விட்டால் வேறு இடம் இல்லை.

அதை அங்கே விட்டுவிட்டு வந்திருக்க வேண்டும். ஆனால் வெறுங்கையோடு போனால் அம்மா ஒரு வார்த்தையைக்கூட நம்ப மாட்டாள் என்று தோன்றியது. அவர் அதை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு வாயை ஒட்டிக் கொடுத்தார். பஸ்ஸில் வரும்போது, நல்லதை முதலில் சொல்லிவிட்டுக் கெட்டதைப் பிறகு சொன்னால் அடி அவ்வளவாக வலிக்காது என்று திட்டம் போட்டேன். என் வாழ்க்கையில் நான் செய்த பெரிய தப்பு அதுதான்.

அண்ணன் லிஃப்ட் பழுது பார்க்கிறவன். வேலை முடிந்து வந்து, கிரீஸ் கறை போகாத கையால் தேநீர் குடித்துக்கொண்டிருந்தான். அண்ணி துணி மடித்துக்கொண்டிருந்தாள். நான் கரடியைப் பற்றிச் சொன்னதும் அண்ணன் எழுந்து நின்றே விட்டான்.

"உலகத்துலயே ஒண்ணா? ஏய், நம்ம வீட்லயா? நான் சொன்னேன்ல, ஆமைதான் ஜெயிக்கும்னு!"

அம்மாவின் முகம் மலர்ந்ததை அன்றுதான் கடைசியாகப் பார்த்தேன். "எங்க தாத்தா சும்மா எடுத்திருப்பாரா? அவர் கண்ணு அப்பேர்ப்பட்ட கண்ணு."

அப்புறம்தான் மீதியைச் சொன்னேன்.

அண்ணன் சத்தமாகச் சிரித்தான்.

"அடி கழுதை. மாட்டை வாங்க வர்றவன் முதல்ல அதுக்குப் பல்லு சரியில்லைன்னுதான் சொல்லுவான். அந்தாளு இங்கேயே வச்சிட்டுப் போன்னு சொன்னானா இல்லையா?"

"சொன்னாரு. ஆனா..."

"சொன்னானா! விஷமாம். விஷத்தை இவர் பத்திரமா வச்சுக்குவாராம்."

"அண்ணா, தாள்ல கோடு விழுந்துச்சு, நான் பாத்தேன்."

"கோடு விழுந்தா என்ன? பென்சில்லகூடத்தான் கோடு விழுது. நீ பென்சிலைக் கடிச்சே வளந்தவ."

அம்மா என் கையிலிருந்து பையை வாங்கினாள். ஒட்டியிருந்ததைப் பிரித்தாள். கரடியை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள்.

அவள் கன்னம் ஒரு பக்கம் புடைத்தது. எங்கள் ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்துக்கொண்டே, மிட்டாய் சப்புவது போல மெதுவாகச் சப்பினாள். பெரியவள் சிரித்துக்கொண்டே ஓடிவந்து அந்தப் புடைப்பைத் தொட்டுப் பார்த்தாள். அம்மா கரடியை உள்ளங்கையில் துப்பினாள்.

"அம்பத்தெட்டு வயசாச்சு எனக்கு. செத்தா போயிட்டேன்? போ, போயி மூஞ்சி கழுவு."

மறுநாள் காலை நான் வேலைக்கு இறங்கும்போது அண்ணி படிக்கட்டில் நின்றிருந்தாள். இடுப்பில் பாப்பா, கையைப் பிடித்தபடி பெரியவள்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். அந்த ஆளு என்ன விலைன்னு சொன்னாரு?"

"விலையே சொல்லலை அண்ணி. அபூர்வம்னு மட்டும்தான்."

அண்ணி பாப்பாவை இடுப்பில் ஏற்றிக்கொண்டாள். "விலை சொல்லாதவன் எதுக்குப் பொய் சொல்லணும்? அத்தை கேட்டா கடைக்குப் போயிருக்கேன்னு சொல்லு." குழந்தைகளோடு படியிறங்கினாள். ரத்தம் எடுத்தார்கள். முடிவு வர நான்கு நாள் ஆகும் என்றார்கள்.

அந்த நான்கு நாளும் கரடியை அண்ணி அலமாரியின் மேல்தட்டில் போட்டுப் பூட்டி, சாவியைக் கழுத்துச் சங்கிலியில் கோத்துக்கொண்டாள். பாப்பாவுக்கு அப்போது மேல்வரிசைப் பல் வெளியே வரத் தவித்துக்கொண்டிருந்தது. பகல் முழுக்க அழுதாள். எங்கள் வீட்டுச் சுவர்களுக்கு அந்த அழுகை புதிது. மூன்றாம் நாள், ஞாயிற்றுக்கிழமை, அண்ணி குளிக்கப் போயிருந்தாள். அழுகை சட்டென்று நின்றது. எனக்கு அந்த நிசப்தம் பிடிக்கவில்லை. எழுந்து போனேன்.

அம்மா சன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். மடியில் பாப்பா. அண்ணி குளிக்கும்போது சங்கிலி குளியலறைக்கு வெளியே ஆணியில் தொங்கும் என்று அம்மாவுக்குத் தெரியும், அதை எடுத்திருக்கிறாள். பாப்பா இரண்டு கையாலும் கரடியைப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடி, மும்முரமாகக் கடித்துக்கொண்டிருந்தாள். கீழுதட்டில் எச்சில் சாம்பல் நிறமாக வழிந்தது.

"அம்மா!"

"கத்தாதே. இப்பத்தான் அடங்கியிருக்கா."

நான் பிடுங்கினேன். அம்மா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்கு இவ்வளவு பலம் இருக்கும் என்று எனக்குத் தெரியாது. பாப்பா இருவருக்கும் நடுவில் அலறினாள்.

"நீ சொல்றது நிஜம்னா," என்றாள் அம்மா, பல்லைக் கடித்துக்கொண்டு, "நிஜம்னா நான் யாருடி?"

நான் கையைத் தளர்த்தவில்லை. அம்மாதான் விட்டாள்.

முடிவு வந்த அன்று அம்மாவும் ஆஸ்பத்திரிக்கு வந்தாள். "என் காதால கேக்கணும்" என்றாள். அண்ணன் வரவில்லை, ஏதோ கட்டடத்தில் லிஃப்டுக்குள் ஆள் மாட்டிக்கொண்டதாம். டாக்டர் சின்ன வயதுப் பெண். மேசையில் இரண்டு தாள்களையும் நேராக அடுக்கி வைத்துவிட்டுத்தான் பேசினார்.

"ரத்தத்துல ஈயம் அஞ்சைத் தாண்டினாலே நாங்க பயப்படுவோம். பெரியவளுக்குப் பத்தொன்பது. சின்னவளுக்கு நாப்பத்தேழு. சின்னவளை இன்னைக்கே சேர்க்கணும். ரத்தத்துல இருக்கறதை மருந்து குடுத்து இறக்கலாம்."

"பெரியவளுக்கு?" என்றாள் அண்ணி.

"அவளுக்கு இனிமே ஏறாம பாத்துக்கலாம். பேச்சுப் பயிற்சி குடுக்கலாம்."

"அவ பேசாதது இதனாலதானா?"

டாக்டர் பேனாவை மூடித் திறந்தார். "இதனாலயும் இருக்கலாம்மா."

அண்ணி அழவில்லை. பெரியவளைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள், ஐந்து வயதுப் பிள்ளையை, கால் தரையில் இழுபட. பிறகு பையிலிருந்து கரடியை எடுத்து மேசையில் வைத்தாள். டாக்டர் அதை உறையில் போட்டு மூடினார். ஒரு தாளை எடுத்து, கரடி யார் யார் வாயில் போயிருக்கிறது என்று கேட்டார். நான் சொல்ல ஆரம்பித்தேன். நான், அண்ணன், மாமா.

"நடுவுல ஒருத்தி இருந்தா" என்றாள் அம்மா.

எனக்கும் அண்ணனுக்கும் நடுவில் ஒருத்தி பிறந்து இரண்டு வயதில் வலிப்பு வந்து இறந்துபோனாள் என்று எனக்குத் தெரியும். தெரியும் என்பதோடு சரி. வீட்டில் யாரும் அவளைப் பற்றிப் பேசியதில்லை.

"அவதான் அதை விடவே மாட்டா. தூங்கறப்பக்கூட வாயில இருக்கும். பிடுங்கினா வீடே ரெண்டாகும், நானும் விட்டுடுவேன்." அம்மா உறைக்குள் இருந்த கரடியைப் பார்த்தாள். "எனக்கு நெனவு தெரிஞ்சப்ப இதுக்கு ஒரு காது இருந்துச்சு டாக்டர். அதை அவதான் தீத்தா."

டாக்டர் எழுதுவதை நிறுத்தினார். "அதை இப்ப யாராலயும் உறுதியா சொல்ல முடியாதும்மா."

"நீங்க சொல்ல வேணாம்."

டாக்டர் மிருதுவாகக் கேட்டார்: "குடும்பத்துக்கு வெளியில யாராவது குழந்தைங்க?"

நான் இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் மூடிக்கொண்டேன். அவள் உதடுகள் அசைந்தன, விரல்கள் ஒவ்வொன்றாக மடங்கின. ஒரு கை முடிந்து அடுத்த கைக்குப் போயின.

"கேட்டவங்களுக்கெல்லாம் குடுத்திருக்கேன்" என்றாள். "தையல்காரி வீட்டு ரெட்டைங்களுக்குப் பதினாறு நாள். நாலாவது மாடியில பஸ் டிரைவர் மகளுக்கு. மருந்துக்கடைக்காரரோட பையனுக்கு ரெண்டு தடவை. குழந்தை அழுதா நம்ம வீட்டுக்குத்தான் வருவாங்க. எனக்குப் பெருமையா இருக்கும்."

மொத்தம் ஏழு வீடுகள். மூன்று குழந்தைகள் இன்னும் நடக்கப் பழகவில்லை. டாக்டர் எல்லாரையும் வரவழைக்க வேண்டும் என்றார், ஆஸ்பத்திரியிலிருந்தே ஆள் அனுப்புவதாகச் சொன்னார்.

"வேணாம்" என்றாள் அம்மா. "குடுத்தவ நான். நானே சொல்றேன்."

பாப்பாவைப் படுக்கையில் சேர்த்துக் கையில் ஊசி ஏற்றினார்கள். அண்ணி பெரியவளோடு அங்கேயே இருந்துவிட்டாள். அம்மா கட்டிலருகே போனாள். அண்ணி தலை நிமிரவில்லை. "தொடாதீங்க அத்தை" என்றாள், அவ்வளவுதான். அம்மா நீட்டிய கையை இழுத்துக்கொண்டாள்.

வரும் வழியில் லென்ஸ் சார் போன் செய்தார். குழந்தைகள் எப்படி என்று கேட்டார். சொன்னேன். பிறகு, காது இல்லாவிட்டாலும் அதற்கு ஈடு கிடையாது, அதை யாரும் தூக்கிப் போட்டுவிடாமல் பார்த்துக்கொள் என்றார். நான் போனை அணைத்துவிட்டேன். அவர் கெட்ட மனிதர் இல்லை. எங்களைக் காப்பாற்றிய ஒரே ஆள் அவர்தான்.

மதியம் மூன்று மணி. படிக்கட்டில் வெயில் கம்பிக் கம்பியாக விழுந்திருந்தது. இரண்டாவது மாடியில் தையல் இயந்திரம் ஓடும் சத்தம் கேட்டது. அம்மா வாசலில் நின்று, செருப்பைக் கழற்றி, மறுபடியும் மாட்டிக்கொண்டாள்.

"நான் பேசட்டுமாம்மா?"

"நீ பேசாதே. நீ சுத்தி வளைச்சு எங்கேயோ ஆரம்பிப்ப."

கதவைத் தட்டினாள். இயந்திரம் நின்றது. தையல்காரி கழுத்தில் அளவு நாடாவோடு கதவைத் திறந்தாள். அவளுக்குப் பின்னால் இரட்டைகள் துணித்துண்டுகளில் புரண்டுகொண்டிருந்தன. மூன்று வயது ஆகப்போகிறது.

"அடடே, வாங்கக்கா! ஏன் வெளியவே நிக்கறீங்க? பாப்பாவுக்குப் பல்லு வந்துடுச்சா?"

"உன் பிள்ளைங்களுக்கு இன்னைக்கே ரத்தம் பாக்கணும்" என்றாள் அம்மா. "நான் கடிக்கக் குடுத்தேனே, அது விஷம். எங்க பாப்பா ஆஸ்பத்திரியில கிடக்கறா."

தையல்காரி புரியாமல் சிரித்தாள். என்னைப் பார்த்தாள். நான் தலையசைத்தேன். சிரிப்பு அவள் முகத்தில் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தது, அதை எங்கே வைப்பது என்று தெரியாதது போல. பிறகு திரும்பி இரட்டைகளைப் பார்த்தாள். அவர்களில் ஒருத்தி ஒரு பொத்தானை எடுத்து நீட்டி, "ம்... ம்..." என்றாள்.

"இவங்க இன்னும் பேசலையேன்னு போன வாரம் உங்ககிட்டதானே அழுதேன்" என்றாள் தையல்காரி, குழந்தைகளைப் பார்த்தபடியே. "நிதானமா வரும்னு சொன்னீங்களேக்கா."

"சொன்னேன்" என்றாள் அம்மா.

கதவு அறைந்து மூடவில்லை. அது மெதுவாக, கடைசி வரைக்கும் மெதுவாக மூடியது. உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது. அப்புறம் ஒரு சத்தம் கேட்டது. அதை நான் எழுத மாட்டேன்.

அம்மா மூடிய கதவின் முன்னால் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, நாலாவது மாடிக்கு ஏறத் தொடங்கினாள்.